நிலைக்கும் சுவருக்கும் நடுவே

காரைக்குடிப் பக்கத்தில் புது ஜன்னலின் குறை உடனே தெரிவதில்லை. சித்திரை வெயிலில் மரம் சுருங்கி, நிலைக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய கோடு விழும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும் மழை அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து உள்ளே வரும். தையிலோ வைகாசியிலோ குடிபுகுந்த வீட்டுக்காரர் முதல் புகாருக்கு ஆள் அனுப்பும்போது ஆசாரி தேவகோட்டையில் வேறொரு வீட்டு வேலையில் இருப்பார். மேஸ்திரி கணக்கு முடித்துப் பல மாதம் ஆகியிருக்கும்.

வந்து பார்க்கும் ஆசாரி, கொத்து வேலை சரியில்லை என்பார். கொத்தனார், நிலையே கோணல் என்பார். அலுமினியக்காரர் இருவரையும் சேர்த்துச் சொல்வார். மூவரும் பொய் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜன்னல் குறைகளில் பெரும்பங்கு ஒருவருடைய வேலை முடிந்து இன்னொருவருடைய வேலை தொடங்கும் இடத்தில்தான் பிறக்கிறது. அந்த இடத்துக்குப் பொறுப்பாளி யார் என்று கூலி பேசும்போது யாரும் கேட்பதில்லை. ஆகவே பசை வாங்கி அடைப்பதற்கும் இழைப்புளியை எடுப்பதற்கும் முன்னால், குறை ஜன்னலில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா, இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறதா என்று பிரித்துக்கொள்வதே முதல் வேலை.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் ஊர்களின் பழைய செட்டிநாட்டு வீடுகளில் இந்தப் பிரச்சினை குறைவாக இருந்ததற்குக் காரணம் பர்மாத் தேக்கு மட்டுமல்ல. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய கனத்த சுவரில் ஜன்னல் உள்வாங்கி நின்றது. மேலே ஓட்டுச் சாய்ப்பு நீண்டிருந்தது. பல ஜன்னல்கள் உள்முற்றமான வளவைப் பார்த்தும் தாழ்வாரத்தைப் பார்த்தும் இருந்ததால் மழை அவற்றை நேராகத் தொடவே இல்லை. இன்றைய வீட்டில் 9 அங்குலச் சுவர். ஜன்னல் வெளிமுகத்தை ஒட்டி நிற்கிறது. முகப்பு அழகாகத் தெரிய வேண்டும் என்று சன்ஷேடையும் குறைத்துவிடுகிறார்கள். சன்ஷேடு இல்லாத மேற்கு ஜன்னலையும் கிழக்கு ஜன்னலையும் எந்தப் பசையும் நெடுநாள் காப்பாற்றாது. இதை வரைபடம் போடும்போதே சொன்னால் வீட்டுக்காரருக்குப் பிடிப்பதில்லை. முதல் ஐப்பசிக்குப் பிறகு தகர ஷீட் அடிக்க அவரே கூப்பிடுவார்.

பூச்சு வேலைக்கு முன் ஒரு சோதனை, பிறகு ஒரு சோதனை என்று இரண்டு முறை பார்ப்பது நல்ல வழக்கம். நிலையை நிறுத்திச் சுற்றிலும் செங்கல் கட்டியவுடன் தூக்குக்குண்டு விட்டு இரு பக்கச் சட்டங்களும் செங்குத்தா என்று பார்க்க வேண்டும். ரசமட்டத்தை மேலும் கீழும் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளையும் எடுக்க வேண்டும். அவை சமமாக இருந்தால் நிலை சதுரத்தில் இருக்கிறது. 4 அடி உயர ஜன்னலில் குறுக்களவுகள் ஒரு நூல் வேறுபட்டால் பொறுக்கலாம். இரண்டு நூல் என்றால் கதவு மாட்டும்போது வம்பு வரும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். இந்தக் கட்டத்தில் கோணலைச் சரிசெய்ய நாலு செங்கல்லைத் தட்டி எடுத்தால் போதும். பூச்சு ஏறிவிட்டால் கதவைக் கோணலாகச் செதுக்கித்தான் பொருத்த வேண்டியிருக்கும். அப்படிப் பொருத்திய கதவு பாதி திறந்து வைத்தால் நிற்காது. தானாக வந்து சாத்திக்கொள்ளும். அந்தக் கதவுக்குக் கீலை மாற்றிப் பயனில்லை. தூக்குக்குண்டை விட்டாலே காரணம் தெரிந்துவிடும்.

மரத்தின் குறைகளில் அதிகம் தவறாகக் கையாளப்படுவது மழைக்காலத்தில் கதவு இறுகுவது. ஈரக்காற்றில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுதான்; குறுக்குவாக்கில்தான் எல்லாம் நடக்கிறது. 10 அங்குல அகலமுள்ள தேக்குப் பலகை ஈரம் ஏறி இறங்குவதில் ஒரு நூல் அளவுக்கு அசையும். நாட்டு மரங்கள் பலவற்றில் அசைவு இதைவிடக் கூடுதல். கார்த்திகையில் ஆசாரியைக் கூப்பிட்டு இறுகும் இடத்தை இழைக்கச் சொன்னால் அன்றைக்குக் கதவு சுகமாகச் சாத்தும். பங்குனியில் அதே இடத்தில் விரல் நுழையும் சந்து தெரியும். ஆடிக்காற்றில் அந்தச் சந்து வழியாகத் தூசி வந்து ஆத்தங்குடித் தரைக்கல்லில் படியும். அனுபவமுள்ள ஆசாரி மழையில் இழைக்க மாட்டார். இறுகும் இடத்தில் மெழுகோ சோப்போ தடவிக் கொடுத்துவிட்டு, மாசிக்கு வருகிறேன் என்று போவார். வீட்டுக்காரர் அவரைச் சோம்பேறி என்பதும் உண்டு. மாசியிலும் இறுகினால் அது மரத்தின் அசைவல்ல, அளவிலேயே தவறு. அப்போது இழைப்பதே முறை.

பச்சை மரத்தில் செய்த ஜன்னல் வேறு கதை. அது உப்பிச் சுருங்கி மீண்டும் பழைய அளவுக்கு வருவதில்லை. சுருங்கிக்கொண்டே போகும், முறுக்கிக்கொள்ளும், கழுந்து துளையில் ஆடும். எந்த வேலைக்கான மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதை நாட்டின் தட்பவெப்ப மண்டலங்களுக்கு ஏற்ப வகுத்துச் சொல்ல இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 287 இருக்கிறது. பட்டறையில் அதை எடுத்துப் பார்ப்பவர் அரிது. 12 சதவீதத்தை ஒட்டிய ஈரம் என்பது பொதுவான கைக்கணக்கு. இரண்டு முள்ளைக் குத்திப் படிக்கும் ஈரமானி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. மரம் எடுக்கப் போகும்போது வீட்டுக்காரரே ஒன்றைக் கையில் கொண்டுபோனால் கடையில் பேச்சின் தோரணையே மாறிவிடும். கட்டையின் ஓரத்தில் வெளிறிய பட்டையாகத் தெரியும் வெள்ளைப் பகுதி கலந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தேக்கானாலும் வைரம்தான் கறையானைத் தாங்கும், வெள்ளை தாங்காது. புது ஜன்னலின் கீழே மாவுபோலப் பொடி கொட்டினால் வண்டு அந்த வெள்ளைக்குள் வேலை செய்கிறது என்று பொருள். மேலே வார்னிஷ் அடிப்பதால் அது நிற்காது. அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும், அல்லது துளைகளில் மருந்து ஏற்ற வேண்டும்.

பலகை வெடிப்பதற்கும் பெரும்பாலும் மரம் காரணமல்ல. கதவின் நடுப்பலகை சட்டத்தின் காடிக்குள் அசைய இடமிருக்கும்படி சும்மா நிற்க வேண்டும். கெட்டியாக இருக்கட்டும் என்று காடியில் பசை ஊற்றியோ ஆணி அடித்தோ இறுக்கினால், சுருங்க வழியில்லாத பலகை நடுவில் பிளந்துகொள்ளும். அதேபோல் கண்ணுக்குத் தெரியும் முகத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்து, சுவரைத் தொடும் பக்கத்தையும் கட்டையின் முனைகளையும் வெறுமனே விட்டால், ஒரு பக்கம் ஈரம் குடித்து மறுபக்கம் குடிக்காமல் சட்டம் வளையும். நிலையை நிறுத்துவதற்கு முன்பே ஆறு முகத்துக்கும் ஒரு கை பிரைமர் ஓட வேண்டும். நிறுத்திய பிறகு அந்த முகங்களைத் தேடிப் போக முடியாது.

கதவு தொங்குவது கீல் சம்பந்தப்பட்டது. ஸ்குரூவைத் திருப்புளியால் ஏற்றாமல் சுத்தியால் அடித்து, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருகிவிடும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அடித்த ஸ்குரூ மர நாரைக் கிழித்துக்கொண்டு போவதால் அதற்குப் பிடிமானமே இல்லை. மேல் கீல்தான் முதலில் தளரும். இன்னும் பெரிய ஸ்குரூவைப் போடுவது திருத்தமல்ல. பழையதைக் கழற்றி, துளையில் தேக்குக் குச்சியைப் பசையோடு அடைத்து, காய்ந்தபின் சிறிய துளையிட்டுப் புது ஸ்குரூவைத் திருகி ஏற்ற வேண்டும். அரை மணி நேர வேலை.

அலுமினியமும் யுபிவிசியும் வந்த பிறகு புகாரின் தன்மை மாறியது. இவை கறையானுக்கும் மழையின் உப்பலுக்கும் அஞ்சுவதில்லை. ஆனால் வெயிலில் நீளும். 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 1.5 மீட்டர் நீள அலுமினியச் சட்டம் சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். அதே நீள யுபிவிசி சுமார் 3 மில்லிமீட்டர், அதாவது நம் கணக்கில் ஒரு நூல், நீளும். சுவர் அவ்வளவு நீளாது. எனவே சட்டத்தைச் சுற்றிலும் ஓரிரு நூல் இடைவெளி விட்டு, அதில் நுரைக் கயிற்றைச் செருகி, மேலே சிலிக்கான் இட வேண்டும். இடைவெளியில் வெள்ளைச் சிமெண்டோ புட்டியோ வைத்து இழுத்துவிட்டால் பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். கோடை ஒன்று போனால் சிமெண்டு கோடாகப் பிரிந்து நிற்கும். ஐப்பசியில் தண்ணீர் வரும் கோடுகளில் பாதி இதுதான்.

அளவெடுப்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பூச்சுக்கு முன் அளவெடுத்தால் சட்டம் பெரிதாகிவிடுகிறது. பூச்சு கனமாக வந்துவிட்டால் சட்டத்தை நுழைக்கக் கொத்த வேண்டும். சுவரில் நான்கு இடத்தில் அளந்து மிகச் சிறியதை எடுப்பதே முறை. அவசரத்தில் ஒரே இடத்தில் அளந்து வந்த ஜன்னல் ஒரு மூலையில் உரசும், எதிர் மூலையில் முக்கால் அங்குலம் வாய் பிளக்கும். அந்த வாயைச் சிலிக்கானால் நிரப்புவது ஏமாற்று வேலை. சட்டத்தை எடுத்துவிட்டுப் பூச்சை நேராக்க வேண்டும்.

தள்ளும் ஜன்னலில் தண்ணீர் தேங்குவதைப் பலர் குறை என்று நினைக்கிறார்கள். கீழ்த் தடத்தில் மழைநீர் கொஞ்சம் வரத்தான் செய்யும். அது வெளியேற வெளிப்பக்கம் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். பூச்சு வேலையில் தெறித்த சிமெண்டு அந்தத் துளைகளை மூடிவிட்டால் தடம் தொட்டியாகி, தண்ணீர் உள்பக்கம் வழியும். கம்பியால் குத்தித் திறந்தால் தீர்ந்தது. ஜன்னலையே மாற்றச் சொல்லிச் சண்டை போட்ட வீடுகளில் ஒரு துடைப்பக் குச்சியோடு முடிந்த வழக்குகள் உண்டு. ஈரச் சிமெண்டு அலுமினியத்தின் மேற்பூச்சை அரித்துக் கறையாக்கும் என்பதால், மேலே ஒட்டி வரும் காப்புத் தாளைப் பூச்சு முடியும்வரை வைத்திருக்க வேண்டும். முடிந்ததும் தாமதிக்காமல் உரிக்க வேண்டும். வெயிலில் மாதக்கணக்காகக் கிடந்த தாள் உரியாது. பசை மட்டும் தங்கிவிடும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். குழாயும் இரண்டு ஆளும் போதும். ஒருவர் உள்ளே காகிதத்தோடு உட்கார வேண்டும். வெளியே இருப்பவர் கீழிருந்து தொடங்கி, முதலில் ஜன்னல் திண்டில் மட்டும் பத்து நிமிடம் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். உள்ளே ஈரம் தெரியாவிட்டால் பக்கச் சட்டங்களுக்குப் போக வேண்டும். பிறகு மேல் சட்டம், கடைசியாகச் சன்ஷேடு சுவரோடு சேரும் இடம். மேலிருந்து தொடங்கினால் வழிந்த தண்ணீர் எல்லா இடத்திலும் நுழைந்து குழப்பிவிடும். திண்டில் விட்டபோதே கசிந்தால், திண்டு உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது அல்லது கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே அடைப்பு இல்லை. அது கொத்தனார் கணக்கு. பக்கத்தில் கசிந்தால் இடைவெளி அடைத்தவர் கணக்கு. கண்ணாடியின் ரப்பர் வழியாக வந்தால் ஜன்னல் செய்தவர் கணக்கு. மேலிருந்து வந்தால் சன்ஷேடின் அடியில் நீர்வடி காடி இல்லாததே பெரும்பாலும் காரணம். சன்ஷேடின் அடிப்பக்கமாக ஊர்ந்து வந்த தண்ணீர் நேராக ஜன்னல் தலையில் இறங்குகிறது. இந்தச் சோதனையை மூன்று தொழிலாளிகளும் கூட இருக்கும்போது செய்தால் வாக்குவாதம் தானாக அடங்கும். காற்று வரும் சந்தைக் கண்டுபிடிக்க ஆடி மாதமும் ஓர் ஊதுபத்தியும் போதும்.

கண்ணாடியின் கீறலைப் பார்க்க ஒரு முறை உண்டு. பகல் வெளிச்சத்தில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நேராக நின்று பார்க்க வேண்டும். அங்கிருந்து தெரியாத கீறலைப் பொதுவாகக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. தெரியும் கீறல்கள் பெரும்பாலும் கண்ணாடிக் கடையிலிருந்து வந்தவை அல்ல. காய்ந்த சிமெண்டைப் பிளேடால் சுரண்டிய சித்தாளின் கைவண்ணம். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே பனி படிந்தால் ஓர அடைப்பு விட்டுவிட்டது. துடைக்க வழியில்லை, அந்தக் கண்ணாடித் தொகுதியையே மாற்றித் தர வேண்டும். குளிரூட்டிய அறையின் கண்ணாடியில் மழைக்கால இரவில் வெளிப்பக்கம் வியர்ப்பது குறையே அல்ல.

இரும்புக் கம்பியின் கதை துருவில் முடிகிறது. காரைக்குடிக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட, ஊரார் ‘சிக்ரி’ என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிமானத்தை ஆராய்வது இந்த ஊரில்தான். புது கிரில்லில் துரு முதலில் எட்டிப்பார்ப்பது வெல்டிங் வைத்த இடத்திலும், கம்பி சுவருக்குள் நுழையும் இடத்திலும். வெல்டிங் கசடைத் தட்டித் தேய்க்காமல் ரெட் ஆக்சைடு அடித்தால் அது கசடோடு உதிரும். சுவருக்குள் துருப்பிடித்த இரும்பு முன்பிருந்ததைவிடப் பருத்துப் பூச்சை வெடிக்க வைக்கும். கம்பி நுழையும் இடத்தில் வெடிப்பு கண்டால் பூச்சு வேலையைக் குற்றம் சொல்லும் முன் கொஞ்சம் உடைத்துப் பார்ப்பது நல்லது.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு வகை, புது வீட்டில் பொருத்தும் பழைய ஜன்னல். முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகளில், இடித்த வீடுகளிலிருந்து வந்த நிலைகளும் ஜன்னல்களும் தூண்களும் அடுக்கி நிற்கின்றன. மரம் பல பத்தாண்டுகள் காய்ந்தது; அதில் பச்சை மரத்தின் தொல்லை இல்லை. ஆனால் வேறு தொல்லைகள் உண்டு. நிலை ஒரு வீட்டுடையது, கதவு இன்னொரு வீட்டுடையது என்று சோடி மாறியிருக்கலாம். கடையிலேயே மாட்டிச் சாத்திப் பார்க்க வேண்டும். கனத்த சுவருக்காகச் செய்த நிலை 9 அங்குலச் சுவரில் துருத்தி நிற்கும். உள்ளே ஒடிந்து கிடக்கும் பழைய ஆணி இழைப்புளியின் அலகைப் பதம் பார்க்கும். மேல் வளைவின் வண்ணக் கண்ணாடிகளில் ஒன்றிரண்டு உடைந்து, பதிலுக்குப் படம் ஒட்டிய கண்ணாடி இருந்தால் மேற்கு வெயிலில் வெளிறி மூன்றாம் வருடமே காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது பழைய பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற இந்திய விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வெகு முந்திய பூச்சுகளை மெஷின் வைத்து வறட்சியாகத் தேய்த்தால் ஈயத் தூசி வீடெங்கும் பறக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலையைச் செய்யவே கூடாது. ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும். சுரண்டியதைக் கூட்டிச் செடிக்குப் போடக் கூடாது.

பழைய சுண்ணாம்புச் சுவரில் புது ஜன்னல் வைப்பது இதற்கு நேர் எதிரான வேலை; இதில்தான் இன்றைய கொத்தனார்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் கலவை, முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த மேல்பூச்சு என்று வளர்ந்த சுவர் மெத்தென்றது; ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதில் நிலையைச் சுற்றிச் சிமெண்டு வைத்தால், சிமெண்டு கெட்டியாகவே நிற்கும். அதன் ஓரமாகப் பழைய பூச்சு பிளக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் பக்கத்துப் பூச்சில் உப்பாகப் பூக்கும். வீட்டுக்காரர் ஜன்னலில் ஒழுகுகிறது என்பார். குழாய்ச் சோதனையில் ஒன்றும் வராது. சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, அது மெதுவாக இறுக விடுவதைத் தவிர வழி இல்லை. நாள் பிடிக்கும் என்பதால் ஒப்பந்தக்காரருக்கு இதில் ஆசை குறைவு.

குறை யாருடையது என்று தெரிந்தும் அவர் வராதபோது காகிதம் வேண்டும். வேலை தொடங்கும்போதே மரத்தின் வகை, சட்டத்தின் கனம், கண்ணாடியின் கனம், இடைவெளியை அடைப்பவர் யார் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. குறையைத் தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் தெரிவித்து, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்ப வேண்டும். ரேரா எனப்படும் மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குட்பட்ட குடியிருப்புத் திட்டத்தில் வாங்கிய வீடானால், 2016ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு உதவும். வீட்டை ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் சுட்டிக்காட்டிய வேலைக்குறையைக் கட்டியவர் 30 நாளில் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டிய வீட்டுக்கு அது பொருந்தாது. அப்படிக் கட்டியவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் சொல்லிவிட்டது. கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். 5 லட்சம்வரை மனுக் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மாவட்ட ஆணையம் உள்ள சிவகங்கைக்குப் பஸ் ஏறுவதற்குமுன் குழாய்ச் சோதனைப் படங்களும் பணம் கொடுத்த ரசீதுகளும் கையில் இருக்க வேண்டும். ரசீது கேட்டால் ஜி.எஸ்.டி. சேரும் என்று கைக்காசாகக் கொடுத்தவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள்.

ஆணையம்வரை போகாமல் தடுப்பது பிடித்து வைத்த தொகை. ஜன்னல் கணக்கில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ நிறுத்திவைத்து, அதை எப்போது தருவது என்பதையும் முதலிலேயே எழுதிக்கொள்கிறார்கள் விவரமுள்ளவர்கள். பூச்சு முடிந்த நாளோ கிரகப்பிரவேச நாளோ அல்ல அந்த நாள். ஒரு கோடையும் ஓர் ஐப்பசி கார்த்திகையும் கடந்து, கதவுகளைச் சாத்தித் திறந்து பார்த்து, தை மாதம் கொடுப்பது. பாக்கியை வாங்க வரும் ஆசாரி பையில் இழைப்புளியையும் போட்டுக்கொண்டுதான் வருவார்.